பழைய ஜீப்பின் அடியிலிருந்து வரும் சத்தம்: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

போடி, கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஃபோர் வீல் ஜீப்புகளில் பல, மகிந்திரா நிறுவனம் வில்லீஸ் உரிமத்தின்கீழ் நெடுங்காலம் தயாரித்த சி.ஜே. 3பி வகையைச் சேர்ந்தவை, அல்லது அதன் வழிவந்தவை. முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நான்கு மூலையிலும் ஸ்பிரிங் பட்டை, நடுவே எஞ்சின் சக்தியை முன்பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும், இரண்டு லிவர் கொண்ட டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று அமைந்த இந்த வண்டிகளில் சத்தமே வராமல் இருப்பதில்லை. எது வண்டியின் இயல்பான குரல், எது நோயின் குரல் என்று பிரித்தறிவதுதான் வேலையின் கடினமான பாதி. இக்கட்டுரை கியர் பாக்ஸுக்குப் பின்னால் தொடங்கிச் சக்கரம்வரை உள்ள உறுப்புகளின் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று காதால் தேடுவதைவிட, அது எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்ப வருகிறது என்று கவனிப்பதே நம்பகமான முறை. சேசிஸ் இரும்பு சத்தத்தை எங்கிருந்தும் எங்கும் கடத்திவிடும்; முன் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) பிறந்த இரைச்சலைப் பின் இருக்கையில் அமர்ந்தவர் தம் காலடியில் கேட்பார். ஆனால் எண்ணிக்கை பொய் சொல்வதில்லை. சி.ஜே. 3பி ஆக்ஸிலின் நடுவே உள்ள பெரிய பல்சக்கரமான கிரவுனுக்கு 43 பற்கள், அதைச் சுற்றவைக்கும் சிறிய பல்சக்கரமான பினியனுக்கு 8 பற்கள். அதாவது சக்கரம் ஒரு முறை சுற்றினால், ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஐந்து முறைக்கு மேல், கணக்காகச் சொன்னால் 5.375 முறை, சுற்றும். 6.00-16 டயருடன் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும்போது சக்கரம் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 5 முறையும், ஷாஃப்ட் 26 முறையும் சுற்றுகின்றன. பினியன் பற்கள் கிரவுனில் நொடிக்கு 200 முறைக்குச் சற்றுக் கூடுதலாக மோதுகின்றன. ஆகவே சக்கரத்தைச் சேர்ந்த கோளாறு 'டக், டக்' என்று எண்ணக்கூடியதாகவோ ஏறி இறங்கும் முனகலாகவோ கேட்கும். ஷாஃப்டைச் சேர்ந்த கோளாறு எண்ண முடியாத அதிர்வாக இருக்கையிலும் தரைத்தகட்டிலும் உணரப்படும். பல்லைச் சேர்ந்த கோளாறு ஊளையாகப் பாடும். பிற்கால மாடல்களில் பல் எண்ணிக்கை வேறுபடும்; ஒரு பின்சக்கரத்தை நகராமல் கட்டையிட்டு, மற்றதை இரண்டு சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணினால் அந்த வண்டியின் கணக்குக் கிடைத்துவிடும்.

ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் ஒரு காலி ரோட்டில் வண்டியை நான்கு விதமாக ஓட்டிப் பார்க்க வேண்டும்: ஆக்ஸிலேட்டரை அழுத்தியபடி, காலை முழுவதும் எடுத்து எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி, வேகம் கூடாமலும் குறையாமலும் மட்டமாக, கடைசியாக கிளட்சை மிதித்து நியூட்ரலில் உருளவிட்டு. எந்த நிலையில் சத்தம் பிறக்கிறது, எதில் மறைகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது, ஏனெனில் வண்டியை விட்டு இறங்கியதும் பாதி மறந்துவிடும். தார் ரோட்டிலிருந்து மண் பாதைக்கு இறங்கியதும் இரைச்சல் அடியோடு மாறினால் அது டயரின் சத்தம். அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

ஜாக்கி வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை

இந்த ஜீப்பின் கை பிரேக் சக்கரத்தில் இல்லை; டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க வெளிவாயில் உள்ள டிரம்மில் இருக்கிறது. அது புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால், தூக்கிய சக்கரம் டிஃப்ரன்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) வழியாக எதிர்த்திசையில் சுற்ற இடம் கிடைத்து, தரையில் உள்ள சக்கரம் உருளத் தொடங்கிவிடும். பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டாலோ கை பிரேக் இருந்தும் இல்லாததுதான். மலைச்சரிவில் வீடு வைத்திருப்பவர்கள் இதை அனுபவத்தில் தெரிந்துகொள்ளக் கூடாது. சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்த பிறகே உள்ளே நுழைய வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் படுக்கக் கூடாது.

கிளட்ச் விடும்போதும் முன்பின் மாற்றும்போதும் 'டக்' என்ற ஒற்றை அடி

முதல் சந்தேகம் புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனை மூட்டுகளிலும் உள்ள ஜாயிண்ட் கிராஸ்மீது. நான்கு முனைகளிலும் ஊசி பேரிங் கொண்ட இந்தச் சிறிய சிலுவைக்கு கிரீஸ் அடிக்க மறந்தால், ஊசிகள் முனையில் வரிவரியாகப் பள்ளம் பறித்துவிடும். பேரிங் குப்பியின் விளிம்பில் செந்நிறத் தூள் படிந்திருந்தால் அது காய்ந்துபோன ஜாயிண்ட். கழற்றிப் பார்க்காமலேயே மாற்றுவதற்கு அதுவே போதுமான சான்று. தூள் இல்லாவிட்டால், கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை விடுவித்து, ஜாயிண்டின் இரு பக்கத்து யோக்குகளையும் (சிலுவையைப் பிடிக்கும் கவைகள்) இரு கைகளால் எதிரெதிராகத் திருகிப் பார்க்க வேண்டும். பிறகு ஷாஃப்டை மேலும் கீழும் தூக்கிப் பார்க்க வேண்டும். நல்ல ஜாயிண்டில் இரண்டு வகையிலும் ஆட்டம் தெரியக் கூடாது.

மாற்றும்போது ஷாஃப்ட் எப்படி இருந்தது என்று யோக்கிலும் ஃப்ளாஞ்சிலும் (ஷாஃப்ட் முனை போல்ட்டால் இணையும் பகுதி) உளியால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். லாக் வளையங்களைக் கழற்றி, வைஸின் ஒரு பக்கம் சிறிய சாக்கெட்டும் மறுபக்கம் குப்பி உள்ளே விழும் அளவுள்ள பெரிய சாக்கெட்டும் வைத்து அழுத்தினால் குப்பி வெளியே வரும். சுத்தியலால் அடித்து எடுப்பவர்கள் உண்டு; யோக்கின் காது சற்று விரிந்தாலும் புதிய குப்பி அதில் இறுகாது என்பதால் நான் அதை ஏற்பதில்லை. புதிய கிராஸைப் பொருத்தும்போது ஓர் ஊசி சாய்ந்து குப்பியின் அடியில் விழுந்துவிடுவது வழக்கமான விபத்து. லாக் வளையம் அதன் பள்ளத்தில் உட்கார மறுத்தால் மேலும் அடிக்காமல், குப்பியைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். ஊசிகளை கெட்டியான கிரீஸில் ஒட்டவைத்தால் இந்தத் தொல்லை வராது. பொருத்திய பின் நான்கு சீல்களிலிருந்தும் கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை கிரீஸ் கன்னால் அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றே முதலில் சாகும்.

ஜாயிண்ட் நன்றாக இருந்தும் அடி தொடர்ந்தால், ஷாஃப்டின் சறுக்கு ஸ்ப்ளைனில் (ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் இடம் தரும் பல்வரி) உள்ள ஆட்டம், பினியன் நட்டின் தளர்வு, ஸ்பிரிங் பட்டையைப் பிடிக்கும் யூ போல்ட்டுகளின் தளர்வு ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். பட்டையின் சென்டர் போல்ட் உடைந்திருந்தால் ஆக்ஸில் முன்னும் பின்னும் நகரும். உதவியாளர் ஒருவர் பிரேக்கை மிதித்தபடி கிளட்சை மெல்ல விட, பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்த நகர்வு கண்ணுக்கே தெரியும்.

இவற்றுக்கெல்லாம் அப்பால் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. பழைய பின் ஆக்ஸிலில் அச்சின் முனை கூம்பாகச் சரிந்திருக்கும். ஹப் அந்தக் கூம்பின்மேல் இறுகி, ஒரு சிறிய சாவித்துண்டின் துணையுடன் சுற்றும். வேலையைச் செய்வது கூம்பின் பிடிப்பு. சாவி வெறும் துணை. முனை நட்டு குறைந்தது 150 அடி-பவுண்டு இறுக்கத்தில் இல்லாவிட்டால் ஹப் கூம்பில் நழுவத் தொடங்கி, ஒவ்வொரு முறை புறப்படும்போதும் சாவியை இடித்து 'டக்' என்ற ஒலியைத் தரும். இது ஜாயிண்ட் அடியைப் போலவே கேட்கும். கேட்டும் கேட்காததுபோல் ஓட்டினால் ஒருநாள் சாவி அறுந்து, எஞ்சின் ஓடியும் வண்டி நகராது. நட்டை இறுக்கிய பிறகு பிளவூசித் துளை நேர்ப்படாவிட்டால் மேலும் இறுக்கித்தான் நேர்ப்படுத்த வேண்டும், தளர்த்தி அல்ல. ஹப்பைக் கழற்ற அதற்குரிய புல்லர் தேவை. அச்சு முனையில் சம்மட்டியால் அடித்தால் அந்த அடியை உள்ளே இருக்கும் பேரிங் வாங்கிக்கொள்ளும்.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் அதிர்வு

மணிக்கு 45 கி.மீ.யில் தொடங்கி 60-இல் மறைந்துபோகும் அதிர்வு பெரும்பாலும் ஷாஃப்டின் செயல். மண் பாதையில் அப்பியிருக்கும் சேறு காய்ந்து ஒருபக்கப் பாரமாவதுகூடக் காரணமாகலாம் என்பதால் முதலில் கழுவிப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம். அடுத்து, ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சறுக்கு ஸ்ப்ளைனைப் பிரித்து மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டினாலும் அந்த ஒழுங்கு கெட்டுவிடும். தொழிற்சாலை இரு பாகங்களிலும் அம்புக்குறி போட்டிருப்பது இதற்காகத்தான். பழைய ஷாஃப்டில் பெயின்டைச் சுரண்டினால் அது தென்படும்.

கோணம் வேறொரு விஷயம். ஜாயிண்ட் சாய்ந்து சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறைகிறது. முன் ஜாயிண்ட் செய்யும் இந்தக் கோணலைப் பின் ஜாயிண்ட் அதே அளவுக்கு எதிராகச் செய்து சரிக்கட்டுகிறது. இரு கோணங்களும் ஒரு டிகிரிக்குள் ஒத்திருந்தால்தான் அந்தச் சரிக்கட்டல் நடக்கும். ஆள் அதிகம் ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டை போட்டு வண்டியின் பின்புறத்தை உயர்த்தியவர்கள் இந்தச் சமநிலையைத் தாமே குலைத்திருப்பார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃப்ளாஞ்ச், பினியன் ஃப்ளாஞ்ச் இரண்டிலும் சாய்வளவியை வைத்து அளந்து, வேறுபாடு இருந்தால் பட்டைக்கும் ஆக்ஸில் மேடைக்கும் இடையே ஆப்பு வடிவ ஷிம் (இடைத்தகடு) வைத்து பினியனைத் திருப்ப வேண்டும். வண்டி தன் சக்கரங்களின்மீது நிற்கும்போது அளப்பதே அளவு. ஸ்டாண்டில் தொங்கும்போது எடுத்த அளவு பயன்படாது.

இழுக்கும்போது ஒரு குரல், விடும்போது ஒரு குரல்

ஊளைச் சத்தம் கேட்டதும் கிரவுன் பினியனைக் குற்றம் சாட்டுவது நம் மெக்கானிக்குகளின் பொதுவான வழக்கம். என் வண்டிக்கும் அது நடந்தது. ஒரு பட்டறையில் பின் ஆக்ஸிலைப் பிரித்து, கிரவுன் பினியன் செட்டையே மாற்றிக் கொடுத்தார்கள். முதல் வளைவிலேயே அதே முனகல் திரும்பக் கேட்டது. குற்றவாளி முன்னிடது வீல் பேரிங். வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடச் சக்கரத்தின்மேல் சாய்ந்து முனகல் கூடியதையும், இடப்பக்கம் திரும்பும்போது குறைந்ததையும் நான் சொல்லியிருந்தேன், கேட்டவர் இல்லை. பல்லின் ஊளை ஸ்டியரிங் திருப்பத்துக்குப் பெரிதாகக் கட்டுப்படுவதில்லை. அது கட்டுப்படுவது ஆக்ஸிலேட்டருக்கு.

அழுத்தும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் நின்றால் பல்லின் இழுவைப் பக்கத்தில் தேய்மானம். காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பெரும்பாலும் பினியன் பேரிங்கின் முன்னிறுக்கம் (மாட்டும்போதே கொடுக்கும் இறுக்கம்) போய்விட்டது. பினியன் முன்னும் பின்னும் நகர இடம் கிடைத்துவிட்டது. ஃப்ளாஞ்சைப் பிடித்து பினியனின் நீளவாட்டில் இழுத்தும் தள்ளியும் பார்த்தால் அந்த ஆட்டம் கைக்குப் புலப்படும். அப்படி இருந்தால் பல் செட்டை வாங்கும் முன் பேரிங்கை மாற்றி ஷிம்மைச் சரிசெய்வதுதான் முறை.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால், பிரிக்கும் முன் டயல் கேஜ் வைத்து கிரவுனின் பல் இடைவெளியை நான்கு இடங்களில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். 0.13 முதல் 0.25 மி.மீ. வரை இருப்பது நல்லது. ஓரிடத்தில் குறைந்தும் ஓரிடத்தில் கூடியும் இருந்தால் கிரவுன் கோணலாக உட்கார்ந்திருக்கிறது அல்லது அதன் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. திரும்ப மாட்டும்போது பற்களில் வண்ணப் பசை பூசிச் சுற்றி, படிந்த தடத்தைப் படிக்க வேண்டும். தடம் பல்லின் வேர்ப்பக்கம் விழுந்தால் பினியன் அளவுக்கு மேல் உள்ளே இருக்கிறது. பல்லின் உச்சியில் விழுந்தால் வெளியே இருக்கிறது. பல்லின் உள்முனையில் விழுந்தால் கிரவுன் நெருங்கியிருக்கிறது. வெளிமுனையில் விழுந்தால் விலகியிருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஷிம்மை மட்டும் மாற்றி மறுபடி தடம் எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றியவர்கள் மாலைவரை அதே ஷிம்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கிரவுனையும் பினியனையும் எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை கூடுமே தவிரக் குறையாது.

டிரான்ஸ்ஃபர் கேஸின் பாட்டு

இதைப் பற்றிப் புரிந்துகொள்ள ஸ்பைசர் 18 என்ற இந்த டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளமைப்பை அறிந்திருக்க வேண்டும். பின்னால் வந்த டானா 20 வகையில் ஹை நிலையில் சக்தி நேராகப் பின் ஷாஃப்டுக்குப் போய்விடும். ஸ்பைசர் 18-இலோ ஹை, லோ எந்த நிலையானாலும் சக்தி நடுவில் உள்ள இடைக் கியரைக் கடந்தே வெளியேற வேண்டும். எனவே தார் ரோட்டில் இரண்டு சக்கர இயக்கத்தில் ஓடும்போதும் இதன் பற்கள் பாரம் சுமந்தபடியே சுற்றுகின்றன. மெல்லிய ரீங்காரம் இதன் பிறவிக் குணம். அதை நீக்க முயல்வது வீண் செலவு. ரீங்காரம் உறுமலாக மாறினால்தான் கவலை.

பிரிக்காமலேயே கோளாற்றின் பாதியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரான்ஸ்ஃபர் லிவரை நியூட்ரலில் வைத்து, கியர் பாக்ஸை மூன்றாவது கியரில் போட்டு கிளட்சை விட வேண்டும். இப்போது வண்டி நகராது. ஆனால் உள்ளே வரும் கியரும் இடைக் கியரும் சுற்றும், வெளிச்செல்லும் ஷாஃப்டுகள் நிற்கும். உறுமல் இப்போதும் கேட்டால் இடைக் கியரின் ஊசி பேரிங்கோ அதன் இருபுற வாஷரோ தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம், ஆனால் கியர் பாக்ஸ் பேரிங்குகளும் சுற்றிக்கொண்டிருப்பதால் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஒவ்வொரு கூட்டிலும் வைத்து, கைப்பிடியில் காதை வைத்து ஒப்பிட வேண்டும். இந்த நிலையில் அமைதியாக இருந்து, வண்டி ஓடும்போது மட்டும் உறுமினால் குற்றம் வெளி ஷாஃப்டின் பேரிங்கில். அந்த ஷாஃப்டின் நீளவாட்டு ஆட்டம் 0.10 முதல் 0.20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பின்மூடியின் கீழ் உள்ள ஷிம்களைக் கூட்டியோ குறைத்தோ அதைச் சரிசெய்யலாம். ஆட்டம் மிகுந்தால் உறுமலோடு, மலையிறக்கத்தில் லிவர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருவதும் நடக்கும். அப்போது எஞ்சின் பிடிப்பும் போய்விடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இடைக் கியரின் ஷாஃப்டை விரலால் தடவிப் பாருங்கள். ஊசிகள் உருண்ட இடத்தில் நகம் சிக்கினால் ஷாஃப்டையும் ஊசிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வெவ்வேறு காலத்து டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் இந்த ஷாஃப்டின் தடிமன் வேறுபடுவதால் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வதே புத்திசாலித்தனம்.

எண்ணெயைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இடையே எண்ணெய் நகர்வது இந்த அமைப்பில் சகஜம். ஒன்றின் மூடியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மற்றதும் நிறைந்திருக்கும் என்று நம்பக் கூடாது. பின் சீல் கசிந்தால் எண்ணெய் நேராகக் கை பிரேக் டிரம்முக்குள் இறங்குகிறது. கிரவுன் பினியனுக்கு ஜி.எல். 5 தரத்து 90 எண்ணெய் பொருந்தும். கியர் பாக்ஸில் பித்தளை வளையங்கள் இருப்பதால் அங்கே ஜி.எல். 4 தரமே பாதுகாப்பானது. ஓடையைக் கடக்கும் வண்டிகளில் வடித்த எண்ணெய் பால் விட்ட தேநீரைப் போல் இருந்தால் ஆக்ஸிலின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாக நீரை உறிஞ்சிவிடும்.

திரும்பும்போது முன்பக்கம் 'கட்கட்'

முதலில் ஓட்டியவரையே சந்தேகிக்க வேண்டும். இந்த ஜீப்பில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே டிஃப்ரன்ஷியல் கிடையாது. உலர்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கரத்தையும் இணைத்துத் திரும்பினால், முன்சக்கரங்கள் நீண்ட பாதையிலும் பின்சக்கரங்கள் குறுகிய பாதையிலும் செல்வதால் ஷாஃப்டுகள் முறுக்கேறி, டயர் வழுக்கும்போது 'டக்' என்ற அடியுடன் விடுபடும். முன்னால் தேய்ந்த டயரும் பின்னால் புதிய டயரும் போட்டவர்களுக்கு நேர்ப்பாதையிலேயே இது நடக்கும். சேற்றில் சத்தம் வராமல் தாரில் மட்டும் வந்தால் பழுது எதுவும் இல்லை; லிவரை விடுவித்தால் போதும்.

சேற்றிலும் திரும்பும்போதெல்லாம் வந்தால் முன் நக்கிளுக்குள் (சக்கரம் திரும்பும் மூட்டு) உள்ள அச்சு ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. அதற்கு ஹப்பையும் சுழல்முனையையும் கழற்றி அச்சை வெளியே இழுக்க வேண்டும். அந்த வேலையின்போதே வீல் பேரிங்கையும் கழுவிப் புது கிரீஸ் ஏற்றிவிடுவது வழக்கம். பேரிங்கை இறுக்கும் முறை எளிது: சக்கரத்தைச் சுற்றியபடியே உள் நட்டை அது தடைபடும்வரை இறுக்கி, பின் ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தி, லாக் வாஷரைப் போட்டு, வெளி நட்டை இறுக்கி, வாஷரை அதன்மேல் மடிக்க வேண்டும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், உதவியாளரை பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டிப் பாருங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (நக்கிள் திரும்பும் முளை).

எந்தப் பழுதை நீக்கியிருந்தாலும் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி, ஹப், ஹவுசிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒவ்வொன்றின் மேலும் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு இயல்பு; கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் மிகையாக இறுகியிருக்கிறது அல்லது எண்ணெய் இல்லை. புது கிரவுன் பினியன் மாட்டிய வண்டியில் முதல் நாள் ஆள் ஏற்றாமல் ஓட்டி, இடையிடையே ஆறவிட வேண்டும். யூ போல்ட்டுகளையும் ஜாயிண்ட் போல்ட்டுகளையும் மறுநாள் காலை வண்டி குளிர்ந்திருக்கும்போது இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.